ரயில் சிநேகத்துக்கு ஒரு வக்காலத்து

ஒட்டாத நட்பைத் தமிழில் இரண்டே சொல்லில் தீர்த்துவிடுகிறோம்: ரயில் சிநேகம். விழுப்புரத்தில் ஏறி, முறுக்கைப் பகிர்ந்து, மகள் கல்யாணக் கவலை வரை பேசி, மதுரையில் இறங்கியதும் மறந்துபோகிற உறவு. அதே தற்செயல் நீடித்துவிட்டால் வேறொரு சொல் தயாராக இருக்கிறது: ருணானுபந்தம். இல்லாவிட்டால், விட்ட குறை தொட்ட குறை. அந்நிய ஊரில் யாரோ ஒருவர் கைகொடுத்தார், பிறகு முப்பது வருடம் கூடவே நின்றார் என்றால், அது போன பிறவிக் கணக்கு. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. தற்செயலாக வந்த உறவு, ஆகவே மட்டம் என்கிறது முதலாவது. மட்டமில்லாத உறவு, ஆகவே தற்செயலே அல்ல என்கிறது இரண்டாவது. தற்செயலாகவே வந்து, அப்படியே நம்மைக் கட்டவும் செய்கிற உறவு ஒன்று உண்டு என்பதை இரண்டுமே ஒப்புக்கொள்வதில்லை. உண்டு என்பதுதான் என் வாதம். அதற்கான சாட்சி கடல் கடந்து பிழைக்கப் போனவர்களிடம் இருக்கிறது.

எதிர்த்தரப்பில் நிற்பவர்கள் சாமானியர்கள் அல்ல. அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் பத்துப் பகுதிகளில் எட்டாவதையும் ஒன்பதாவதையும் நட்புக்கே கொடுத்தார். பயன் கருதிய நட்பும் இன்பம் கருதிய நட்பும் எளிதில் கலையும், குணம் கண்டு வரும் நட்பே நிலைக்கும், அதற்கு நாள் பிடிக்கும் என்பது அவர் கட்சி. சேர்ந்து உப்புத் தின்னாமல் ஒருவரையொருவர் அறிய முடியாது என்ற பழமொழியையும் துணைக்கு அழைக்கிறார். வள்ளுவரோ 79ஆம் அதிகாரத்தில் நட்பைப் போற்றி முடித்த கையோடு, 80ஆம் அதிகாரத்துக்கு 'நட்பாராய்தல்' என்று பெயர் வைத்துவிட்டார். ஆனால் இருவரிடமும் இன்னொரு குரலும் கேட்கிறது. மனிதனுக்கு மனிதன் எவ்வளவு நெருக்கம் என்பதைப் பயணத்தில் காணலாம் என்று அதே எட்டாம் பகுதியில் அரிஸ்டாட்டில் எழுதுகிறார். கூடக் கப்பலேறியவர்களை மக்கள் நண்பர் என்றே அழைக்கிறார்கள் என்றும் குறிப்பிடுகிறார். நட்புக்கு நாள்பட்ட பழக்கம் தேவையில்லை, உணர்ச்சி ஒத்தால் போதும் என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறார். அங்கே உரையாசிரியர்களுக்குக் கோப்பெருஞ்சோழனும் அவனை நேரில் காணாமலே நேசித்த பிசிராந்தையாரும் நினைவுக்கு வந்தார்கள். ஆக, நாளுக்கென்று தனியாக ஒரு மகிமை இல்லை. நாள் தேவைப்படுவது ஆராய. ஆராய்வதோ ஊரில் இருப்பவனுக்குக் கிடைக்கிற வசதி. விசாரிக்க அவனுக்கு நாலு பேர் உண்டு, ஆள் சரியில்லை என்று தெரிந்தால் திரும்பிப் போக வீடு உண்டு. நேற்று இறங்கியவனுக்கு இரண்டும் கிடையாது. அவன் முதலில் நம்பியாக வேண்டும், ஆராய்ச்சி பிறகுதான்.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைக்கு வந்து சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த முதல் கப்பல் அது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படிப் போனார்கள்; மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸ் துறையில் ஏறியவர்கள். அந்தக் கப்பல்களின் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஊர் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒருவரைப் பற்றி அவர் ஊர் என்னென்ன கேட்குமோ அத்தனையும் அதில் உண்டு. கப்பலுக்குள் நடந்ததுதான் இல்லை. அடித்தளத்தில் பக்கத்தில் படுத்திருந்தவர் யார், வாந்தியெடுத்தபோது தலையைப் பிடித்தவர் யார் என்பதற்குக் கட்டம் கிடையாது. ஒரே அடுப்பில் வெந்ததை உண்டு, ஒரே பீப்பாய்த் தண்ணீரைக் குடித்து வாரக்கணக்கில் கிடந்தவர்களிடம் சாதிக் கட்டம் எவ்வளவு தாக்குப்பிடித்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். கல்கத்தாவிலிருந்து டிரினிடாட், சூரினாம் பக்கம் போனவர்கள் இந்த உறவுக்கு ஒரு பெயரே வைத்தார்கள்: ஜஹாஜி பாய். கப்பல் சகோதரன். பெண்களுக்கு ஜஹாஜி பஹின். வாய்வார்த்தையோடு அது நிற்கவுமில்லை. ஒரே கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள் தங்களுக்குள் மணந்துகொள்வதைத் தகாததாகக் கருதினார்கள். நம் வழக்கில் சொன்னால், பங்காளி முறை.

இங்கே அரிஸ்டாட்டிலின் ஆள் எழுந்து நிற்பார். இது வெறும் பயன்கருதி வந்த நட்பு, தேவை சேர்த்துவைத்தது, தேவை தீர்ந்தால் கலையும் என்பார். தேவைதான் சேர்த்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் தேவை மட்டும்தான் என்றால் உறவு துறைமுகத்தோடு முடிந்திருக்க வேண்டும். கரையில் இறங்கியதும் அவர்களை வெவ்வேறு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டார்கள். அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்தைவிட்டு வெளியே போவது தண்டனைக்குரிய குற்றம். அதையும் தாண்டி உறவு நீடித்தது. மண விலக்கையோ பயன்கருதிகள் ஒருபோதும் ஏற்கமாட்டார்கள். ஆண்கள் மிகுதியாகவும் பெண்கள் குறைவாகவும் இருந்த சமூகத்தில், சம்பந்தம் செய்துகொள்ளத் தோதான ஒரு வீட்டைத் தாமாகவே விலக்கிவைப்பது நஷ்டம். நஷ்டப்பட்டுக் காக்கிற உறவைப் பயன் என்று கணக்கெழுத முடியாது. இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம். பேரப்பிள்ளைகள் பூசிய மெருகு இது. அந்தக் கப்பல்களில் காலராவும் இருந்தது, அடிதடியும் இருந்தது, பெண்கள் மீது அத்துமீறலும் இருந்தது. உண்மை. கப்பல் யாரையும் நல்லவர்களாக்கிவிடவில்லை. வந்த எல்லோரும் சகோதரர்கள் ஆனார்கள் என்றும் நான் சொல்லவில்லை. சிலர் ஆனார்கள், அதற்கு முன்பின் அறிமுகமோ சொந்தமோ தேவைப்படவில்லை என்பது போதும்.

ருணானுபந்தக்காரர் இப்போது சிரிப்பார்: அதைத்தானே சொல்கிறேன், அதே கப்பலில் அதே இடத்தில் அவரைக் கொண்டுவந்து படுக்கவைத்தது யார்? இந்தக் கேள்விக்கு மரியாதை உண்டு. தனியாகப் போகிறவருக்கு அது தரும் தெம்பையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ருணம் என்றால் கடன். தலையைப் பிடித்தவர் போன பிறவிக் கடனைத்தான் அடைத்தார் என்றால், அவர் எதையும் கொடுக்கவில்லை. வரவேண்டியது வந்தது, அவ்வளவே. கடனைத் திருப்பித் தந்தவருக்கு யாரும் காலமெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருப்பதில்லை. அவர் தந்தது கொடை ஆக வேண்டுமானால், தராமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் உரிமையும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். ருணம் என்ற சொல்லை விட்டுவிட மனமில்லையென்றால் அதைத் திருப்பிப் போடலாம்: கடன் அன்றைக்கு அந்த உதவியில் பிறந்தது, முன்னால் அல்ல. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் கடலில் கூடிப் பிரியும் இரண்டு கட்டைகள் வருகின்றன. பிரிவுக்கு அழாதே என்பது அதன் உபதேசம். கணியன் பூங்குன்றனாரிடமும் வெள்ளத்தோடு போகும் மிதவை இருக்கிறது. அவர் அதிலிருந்து போவது வேறு முடிவுக்கு: பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை. எல்லோரும் அடித்துவரப்பட்டவர்கள் என்றால் பக்கத்து மிதவைக்காரனிடம் குலம் விசாரிக்க எனக்கு என்ன தகுதி? எனக்கு இந்த வழிதான் பிடிக்கிறது. இஸ்லாமும் ஜகாத்துக்கு உரியவர்கள் என்று எட்டு வகையினரைச் சொல்லும்போது வழிப்போக்கரை அதில் ஒரு வகையாக வைத்தது. யார் மகன் என்று அங்கே கேள்வி இல்லை. அரபியில் அவருக்குப் பெயரே 'பாதையின் மகன்'.

இன்று கப்பலும் இல்லை, அத்தனை வாரங்களும் இல்லை. துபாயிலோ தோஹாவிலோ இறங்குகிறவர் 'பெட் ஸ்பேஸ்' எடுக்கிறார். இரண்டடுக்குக் கட்டில்கள், முறைவைத்துச் சமையல், லீவில் ஊருக்குப் போகிறவர் பெட்டியில் மற்றவர்கள் திணித்துவிடும் பொட்டலங்கள்; தராசில் நிறுத்து, தன் மகனுக்கு வாங்கிய பொம்மையை வெளியே எடுத்துவிட்டு அடுத்த கட்டில்காரர் மனைவியின் மருந்துக்கு இடம் விடுகிறவர். ஒருவர் இறந்தால் பாடியை ஊருக்கு அனுப்பும் பேப்பர் வேலைக்கு அலைகிறவர்களும் பெரும்பாலும் அந்த அறைக்காரர்கள்தான். நம்பி மோசம்போனவர்கள் இல்லையா என்றால், உண்டு. பிறர் கொடுத்த பொட்டலத்தைப் பார்க்காமல் வாங்கி விமான நிலையத்தில் மாட்டியவர்கள் உண்டு. வள்ளுவர் சொன்ன ஆராய்ச்சியை அங்கே வைத்துக்கொள்ளலாம். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து வாங்குவது நட்புக்கு இழுக்கல்ல. எனக்குக் கவலை வேறு இடத்தில். விமானம் ஏறுவதற்கு முன்பே, போகிற நகரத்தில் நம் மாவட்டத்துக்காரர்கள், நம் சாதிக்காரர்கள் என்று வாட்ஸ்அப் குழு தேடிக்கொள்கிறோம். பாதுகாப்புதான். ஆனால் பதிவேட்டின் சாதிக் கட்டத்தையும் ஊர்க் கட்டத்தையும் இந்த முறை நாமே நிரப்பிக்கொண்டு இறங்குகிறோம். பக்கத்தில் யார் படுப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால், தற்செயல் உள்ளே நுழைய இடம் ஏது?

இவையெல்லாம் கடைசியில் தேய்ந்துதானே போகின்றன என்பது மிச்சமிருக்கும் ஆட்சேபம். தேயும்தான். ஊர் திரும்பியதும் எண் மாறும், அழைப்பு குறையும். ஆனால் முடிந்துபோனது என்பதால் ஒன்று பொய்யாகிவிடாது; பிரெஞ்சு எழுத்தாளர் மாண்டேனுக்கும் அவர் நண்பர் லா போயசிக்கும் நகர விழாக் கூட்டத்தில் வந்த அறிமுகத்தில் பிறந்த நட்பு சில வருடங்களே நீடித்தது, 1563இல் லா போயசி இறந்துபோனார். நட்பைப் பற்றி மேற்கில் பேசுகிறவர்கள் பலர் அந்த நட்பைப் பற்றி மாண்டேன் எழுதிய கட்டுரையை இன்னும் நினைவுகூர்கிறார்கள். நேட்டால் கப்பல் பதிவேடுகள் இப்போது கணினியிலேயே கிடைக்கின்றன. பாட்டனாரின் ஊரும் தகப்பன் பெயரும் தேடிப் பலர் அதற்குள் நுழைகிறார்கள். நீங்கள் தேடினால், பெயர் கிடைத்ததும் மூடிவிடாதீர்கள். அதற்கு மேலும் கீழும் உள்ள எண்களில் யார் இருக்கிறார்கள் என்றும் ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.