உடம்பும் ஒரு கோயில்

விடியுமுன் பிரட்டு, அதாவது ஆள்கணக்கெடுப்பு. குளிர் இருக்கும்போதுதான் ரப்பர் மரம் நன்றாகப் பால் சுரக்கும். கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் பட்டையைக் காயப்படுத்தாமல் கத்தி இழுப்பது ஒரு கலை. அதில் பெருமைகொண்ட கைகள் ஏராளம். பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. அங்கும் குலை வெட்டியவர்களின் முதுகுதான் வளைந்தது.

செய்யும் தொழிலே தெய்வம் என்றால், உடம்பு யாருடையது?

திருமூலர் அதை இறைவன் குடியிருக்கும் இடமாகக் கண்டவர். அப்படியானால் அந்த உடம்பைப் பேணும் ஓய்வும் வழிபாடுதான். அதைச் சோம்பல் என்பது பெரும் தவறு.

1941இல் பக்கத்துக் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றார்கள். வேலையை வெறுத்தவர்களின் கோரிக்கை அல்ல அது. பால்வாளியை இறக்கிவைத்தபின் லயத்து வீட்டு வாசலில் சொந்தபந்தத்தோடு உட்கார ஒரு மாலைப்பொழுது கேட்டார்கள்.