உங்கள் சாமம் எது?

திருவருகைக் காலம் முதல் ஞாயிறு
நற்செய்தி: மாற்கு 13:33-37



நம் பகுதியில் 'லைட் ஹவுஸ்' என்றதும் மெட்ரோ ரயில்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. பூந்தமல்லி பைபாஸிலிருந்து மெரினா லைட் ஹவுஸ் வரை 26 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட தடம் அது. அதற்காகத் தோண்டிய சாலைகளில் சிக்கி, பூசைக்குப் பிந்தி வந்தவர்கள் இங்கேயே இருப்பீர்கள். ஆனால் இன்று நான் உங்களை அழைத்துப் போக நினைக்கும் லைட் ஹவுஸுக்கு எந்த ரயிலும் போகாது.

சென்னையில் கப்பலேறினால் போர்ட் பிளேர் போய்ச் சேரவே ஏறக்குறைய மூன்று நாள். அங்கிருந்து இன்னும் தெற்கே, நிக்கோபார் தீவுகளின் கடைசியில் இருப்பது கிரேட் நிக்கோபார். ஆவடியில் இருக்கும் படைவீரர் குடும்பங்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 1969 முதல் முன்னாள் படைவீரர்களை அரசு அந்தத் தீவில் குடியமர்த்தியது. தமிழ்நாட்டவரும் அவர்களில் உண்டு. அடர்ந்த காடு. ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. நமக்குப் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. அந்தத் தீவின் தென்முனையில், இந்தியாவின் நிலம் முடிகிற இடத்தில், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக வண்ணம் பூசிய 35 மீட்டர் கோபுரம் ஒன்று நிற்கிறது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கம். 1972 ஏப்ரல் 30 அன்று முதன்முதலாக எரியத் தொடங்கியது.

அந்த ஒளி யாருக்காக? சுமத்ராவுக்கும் நிக்கோபாருக்கும் நடுவே, மலாக்கா நீரிணையை நோக்கி இரவும் பகலும் கப்பல்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட அந்த முனையில் நிற்பதில்லை. ஒளியைப் பார்த்து, தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு, மாலுமி தன் வழியே போய்விடுவார். விளக்கைக் காத்தவரின் முகம் அவருக்குத் தெரியாது. இவருக்கும் அவர் முகம் தெரியாது. நன்றி சொல்ல வழியே இல்லாத வேலை அது.

இன்றைய நற்செய்தியில் இயேசு சொல்லும் வாயிற்காவலரின் வேலையும் அதுதான். வீட்டுத் தலைவர் நெடும்பயணம் போகிறார். ஒவ்வொரு பணியாளருக்கும் அவரவர் வேலையைக் கொடுக்கிறார். காவலருக்குக் கொடுத்த வேலை, விழித்திருப்பது. தலைவர் எப்போது வருவார் என்று தெரியாது. மாலையிலா, நள்ளிரவிலா, சேவல் கூவும் வேளையிலா, விடியற்காலையிலா என்று நான்கு வேளைகளை இயேசு எண்ணிச் சொல்கிறார். இரவை நான்கு சாமமாகப் பிரித்து முறைவைத்துக் காவல் காப்பது அன்றைய வழக்கம்.

இந்த நான்கு வேளைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, மாற்கு நற்செய்தியின் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மாலையில் இயேசு சீடரோடு கடைசி உணவுக்கு அமர்கிறார். இரவு ஏறியதும் கெத்சமனியில் தனியாக மன்றாடுகிறார்; சீடர் தூங்கிவிடுகின்றனர். சேவல் கூவும்போது பேதுரு அவரைத் தெரியாது என்கிறார். பொழுது விடிந்ததும் அவரைக் கட்டிப் பிலாத்துவிடம் கொண்டு போகின்றனர். நான்கு சாமம்! நான்கிலும் விழித்திருந்தவர் ஒருவர்தான். விழித்திருக்கச் சொன்னவரே, நமக்காக அந்த இரவு முழுவதும் காவல் காத்தார்.

அப்படியானால் நம்மிடம் அவர் கேட்பது என்ன? முழு இரவையுமா? இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று ஷிப்டையும் ஒரே ஆள் பார்க்க முடியாது. உங்கள் ஷிப்டை ஒழுங்காகப் பார்த்து, அடுத்து வருபவர் கையில் வேலையைக் கெடாமல் ஒப்படைக்க வேண்டும். கலங்கரை விளக்கத்திலும் காவலர்கள் முறை மாறிக்கொள்வார்கள். ஆள் மாறுவார், விளக்கு அணையாது.

அங்கே காவலரின் வேலைகளில் முக்கியமான ஒன்று என்ன தெரியுமா? கண்ணாடி துடைப்பது. பிரான்சைச் சேர்ந்த ஃப்ரெனெல் என்பவர் 1823-ல் கலங்கரை விளக்கத்தில் ஒரு புதிய வில்லையைப் பொருத்தினார். நாலாபக்கமும் சிதறிப் போகும் ஒளியை, விளக்கைச் சுற்றியுள்ள கண்ணாடிப் பட்டைகள் வளைத்து ஒரே கற்றையாகக் கடலுக்கு அனுப்பும். சின்ன விளக்குதான், ஆனால் காத தூரம் தெரியும். அந்தக் கண்ணாடியில் மழையும் உப்புக்காற்றும் படலம் போடும். துடைக்காமல் விட்டால், உள்ளே எவ்வளவு நன்றாக எரிந்தாலும் வெளியே மங்கல்தான். சகோதரர்களே, ஒளி நம்முடையது அல்ல. அதை ஏற்றியவர் ஆண்டவர். நம் வேலை கண்ணாடியைத் துடைப்பது. ஒரு பழைய வன்மம், அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லாத பத்து வருடம், வேலையிடத்தில் சொல்லிப் பழகிய பொய், இவைதான் நம் மேல் படியும் உப்பு. திருவருகைக் காலத்தில் ஒப்புரவு அருளடையாளத்துக்குத் திருச்சபை நம்மை அழைப்பது இதற்காகத்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த நாள். திருக்குடும்பத் திருவிழா. அன்று காலை வேளாங்கண்ணியில் திருப்பயணிகளைக் கொண்டுபோன அதே கடல், இந்திரா முனையில் குடியிருந்த குடும்பங்களையும் அள்ளிக்கொண்டு போனது. நிலமே நான்கு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது. கோபுரத்தின் அடி கடலுக்குள் போனது. ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதுபோல் பேசவும் மாட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கோபுரம் விழவில்லை. பிறகு ஆட்கள் போனார்கள், பழுது பார்த்தார்கள், விளக்கு மறுபடியும் எரிந்தது. முறை முடியாமல் போனவர்களின் சாமத்தை வேறு யாரோ ஏற்றுக்கொண்டார்கள். உயிர்த்த ஆண்டவரை நம்புகிறவர்கள், இறந்தவர்களுக்குச் செலுத்தக்கூடிய மரியாதைகளில் அதுவும் ஒன்று.

நம்மைச் சுற்றியும் இப்படிப்பட்ட காவலர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரி 24 அடியை நெருங்கும் இரவுகளில் நாம் போர்வைக்குள் இருக்கிறோம். கரையில் ஒருவர் குடையோடு நின்று நீர்மட்ட அளவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரவுப் பணியில் ஒரு செவிலியர். தண்டவாளம் பார்த்து நடக்கும் ஒரு ரயில்வே தொழிலாளி. பிழைப்புக்காக எங்கிருந்தோ வந்து, உங்கள் அடுக்கக வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் காவலாளி. இந்த வாரம் அவரிடம் போய்ப் பெயர் கேளுங்கள். மழை நாளில் ஒரு டம்ளர் சூடான தேநீர் கொடுங்கள். உங்கள் தூக்கத்தைக் காப்பவரின் பெயர்கூடத் தெரியாமல் திருவருகையைக் கொண்டாட முடியாது.

திருவருகை வளையத்தில் இன்று ஒரே ஒரு மெழுகுதிரிதான் எரிகிறது. மீதி மூன்று காத்திருக்கின்றன. எல்லாவற்றையும் இன்றே ஏற்றிவிட யாரும் நம்மைக் கேட்கவில்லை. நோயாளித் தாயின் கட்டிலருகே ஒருவருக்குச் சாமம். வழி தவறிய மகனுக்காகக் கதவைத் தாழிடாமல் காத்திருப்பது இன்னொருவருக்குச் சாமம். உங்களுடையது எது என்று இன்று ஆண்டவரிடம் கேளுங்கள். அதைக் காத்து முடியுங்கள். வீட்டுத் தலைவர் வரும்போது காவலில் நிற்பது நாமாக இருக்கலாம், நமக்குப் பின் வந்தவராக இருக்கலாம். அவர் வரும் வழியில் வெளிச்சம் இருக்கட்டும். ஆமென்.