விருந்தும் கடனும்

முழுக்கட்டணத்தையும் முன்கூட்டியே செலுத்திவிட்ட ஒருவர், தமக்குப் பணிசெய்வோருக்கு அதற்கு மேலும் கடன்பட்டவராவாரா? இவ்வினாவை யான் ஒழுக்கவியல் நூல் எதிலிருந்தும் பெறவில்லை. மடுல்கெல்லத் தோட்டமொன்றிலே முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் அன்னையாரிடமிருந்தே பெற்றேன். சென்ற ஆண்டு விடுமுறையில் அவரைப் பாசிக்குடாக் கடற்கரையிலுள்ள உல்லாச விடுதியொன்றுக்கு மூன்று நாட்கள் அழைத்துச் சென்றிருந்தேன். அன்னையார் கடலைக் கண்டது அதுவே முதன்முறை; அத்தகைய விடுதியிலே தங்கியது எனக்கும் முதன்முறையே.

இவ்விடுதிகளின் முறைமை வாசகர் சிலருக்குப் புதிதாக இருத்தல் கூடும். அறை, மூவேளை உணவு, சிற்றுண்டி, பானவகை, நீர்விளையாட்டு யாவும் ஒரே கட்டணத்துள் அடங்கும். வாயிலிலேயே மணிக்கட்டில் ஒரு பட்டியைக் கட்டிவிடுவர். அதன்பின் பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை. ஜெராட் பிளிட்ஸ் என்னும் பெல்ஜியர் 1950 ஆம் ஆண்டிலே ஸ்பெயின் நாட்டு மயோர்க்காத் தீவில், இராணுவம் கழித்துவிட்ட கூடாரங்களைக் கொண்டு தொடங்கிய 'கிளப் மெடிற்றறேனியன்' விடுமுறைக் கிராமமே இம்முறைமைக்கு வழிகாட்டியது எனலாம். அங்கே அக்காலத்தில் பானவகைக்குத் தனியே விலை இருந்தது. ஆயினும் அதற்கும் காசை நீட்டாது, கழுத்தில் அணிந்த மணிகளைக் கழற்றிக் கொடுக்கும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது. காசு கண்ணுக்கு மறைந்தால் விருந்தினரிடையே ஏற்றத்தாழ்வும் மறையும் என்பது கருத்து. விருந்தினரிடையே என்பதை ஈண்டுக் கவனித்தல் வேண்டும்.

முதல்நாள் மதியம் யான் தட்டு நிறைய வாரிக்கொண்டு பாதியை மீதம் வைத்தேன். அன்னையாரோ தம் தட்டை வழித்துண்டு, இருவர் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு சமையற்கூடத்தின் வாயிலுக்கே சென்றுவிட்டார். அயல் மேசையினர் நோக்கினர். எனக்கு நாணமாயிற்று. "எல்லாத்துக்கும் காசு கட்டியாச்சும்மா, வச்சிட்டு வாங்க" என்றேன். "திங்கத்தானே காசு கட்டுன? வீசுறதுக்குமா கட்டுன?" என்றார். தட்டுகளை வாங்கிக்கொள்ள ஓடிவந்த இளைஞனிடம் அவர் கேட்டவை இரண்டு: "நீ சாப்பிட்டியாப்பா? இங்கன உனக்குப் பேரு எப்படிப் போடுவாங்க?"

தோட்டப்புறம் அறியாதார்க்கு இரண்டாம் வினா விளங்காது. ஒருநாள் வேலையைக் கணக்கிற் பதிதலையே 'பேர் போடுதல்' என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மனிதனின் பெயரே கூலியின் அலகாகிவிட்ட இச்சொல்வழக்கு தனியே ஆராயத்தக்கது. அவ்விளைஞன் அட்டன் பகுதியைச் சேர்ந்தவன், ஆதலின் சிரித்துக்கொண்டே விடை கூறினான்: "சம்பளம் கொஞ்சந்தான் பாட்டி. ஆளு வந்தாத்தான் மிச்சம்." சேவைக் கட்டணத்திற் கிடைக்கும் பங்கையே அவன் குறிப்பிட்டான். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகள், 2020 இன் கொள்ளைநோய், 2022 இன் பொருளாதார நெருக்கடி என ஒன்றன்பின் ஒன்றாக விருந்தினர் வரவு அற்ற காலங்களில், இத்தகையோர் அரைப்பேரும் இன்றி ஊர்திரும்பினர். யான் செலுத்திய கட்டணத்துள் யாவும் அடங்கியிருந்தன. இந்நிச்சயமின்மையும் அடங்கியிருந்தது போலும்.

அன்றிரவு கடலோசையிடையே மடுல்கெல்ல நினைவுக்கு வந்தது. எமது தோட்டங்களும் ஒருவகையில் யாவும் உள்ளடங்கிய வளாகங்களாகவே இருந்தன. லயத்துக் காம்பரா, அரிசி, கம்பளி, மருந்து, பிள்ளைக்காம்பரா அனைத்தும் எல்லைக்குள்ளேயே. வேறுபாடு யாதெனின், விடுதியில் விருந்தினர் முன்கூட்டியே செலுத்திவிட்டு உள்நுழைகின்றார். தோட்டத்திலோ தொழிலாளர் முன்கூட்டியே கடன்பட்டு உள்நுழைந்தனர். தென்னிந்தியக் கிராமத்திற் கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் அவர்கள்மேற் பற்றெழுதப்பட்டன. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர் மலையிற் கால்வைக்கும் போதே கடனாளி. அரிசியின் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. வேறு தோட்டம் செல்லக் கருதினால், கடன்தொகையைக் குறித்துத் துரை எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய தோட்டத்தார் அக்கடனைத் தீர்த்தாலன்றிப் பெயர இயலாது. 1921 ஆம் ஆண்டிலேதான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஆகவே, கடனின்மை என்பது எம்மவர்க்கு எளிதாகக் கிடைத்த பொருளன்று. கங்காணி தாயும் தந்தையுமாகப் பேசப்பட்ட காலத்தில் நன்றி, விசுவாசம், உப்பிட்டவர் முதலிய நற்சொற்களெல்லாம் பூட்டுகளாகவும் பயன்பட்டன. கொடைகள் யாவும் எதிர்க்கொடையை வேண்டிநிற்கும் எனப் பிரெஞ்சு அறிஞர் மார்ஸல் மோஸ் 1925 இல் விளக்கினார். அவர் ஆராய்ந்த சமூகங்களுக்கு எங்கள் லயங்களைச் சேர்த்திருப்பின், எதிர்க்கொடை தலைமுறை தலைமுறையாகத் தீராதிருப்பதையும் கண்டிருப்பார். இவ்வகையில் நோக்குமிடத்து, பேசிய தொகையைச் செலுத்திவிட்டு ஒருவருக்கொருவர் கடப்பாடின்றிப் பிரிவதில் ஒரு கண்ணியம் உண்டு. அவ்விளைஞனிடம் யான் உள்ளம் நெகிழ்வதைக் காட்டிலும், அவனுக்குரிய சம்பளம் உரிய நாளிற் கிடைப்பதே முதன்மையானது. நெகிழ்ச்சியைச் சம்பளத்துக்கு ஈடாக்கும் பழக்கத்தை யான் மிகவும் வெறுக்கின்றேன்.

எனினும் அன்னையாரின் முதல் வினா எஞ்சிநிற்கின்றது. மனிதரை வெறுங் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று கான்ற் 1785 இல் எழுதியபோது, 'மட்டும்' என்பதையே ஆதாரமாக வைத்தார். ஒருவர் பணியை மற்றொருவர் பயன்படுத்துதல் குற்றமன்று. பணியன்றி வேறொன்றும் அவரிடம் இல்லாதது போல நடத்தலே குற்றம். விடுதியின் வளம் மழையைப் போலத் தோன்றுகின்றது. ஒப்புரவைக் கூறவந்த வள்ளுவரும் கைம்மாறு கருதாத மழையையே எடுத்துக்காட்டினார். ஆயின் மழையை எவரும் தோளிற் சுமந்துவந்து ஊற்றுவதில்லை. பாசிக்குடாவில் ஒவ்வொரு தட்டும் ஒருவர் கையில் வந்தது. மணிக்கட்டுப் பட்டி என் கணக்கை முடித்துவைத்ததோடு நில்லாது, அக்கையைக் காணும் தேவையையும் முடித்துவைத்தது. இரண்டாம் நாள் மாலை, எனக்குத் தேநீர் தந்தவர் ஆணா பெண்ணா என்றே என்னால் நினைவுகூர முடியவில்லை. தேயிலைத் தோட்டத்திற் பிறந்தவனுக்கு நேர்ந்த மறதி இது.

விருந்தோம்பலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தினன் கடமைக்குத் தனி அதிகாரம் இல்லை. ஒருகால் அது சொல்லாமலே விளங்கியிருக்கும். எங்கள் இல்லங்களில் உணவு பரிமாறும் பெண்ணை நோக்கி "நீங்களும் உட்காருங்கள்" என்று விருந்தினர் கூறுவர், அவர் உட்காரார் என்பது இருவருக்கும் தெரியும், இருந்தும் கூறுவர். அச்சொல் எக்கட்டணத்துள்ளும் அடங்காது, கடனாகவும் எழுதப்படாது. விடுதியின் உரிமையாளர் கண்காணா இடத்தில் இருக்க, விருந்தினர் உண்டபின் உண்ணும் முறை மட்டும் அவ்விளைஞனிடம் வந்து சேர்ந்திருந்தது. அன்று பிற்பகல் மூன்று மணிக்குத்தான் உண்டானாம். இதை அறிந்ததால் அவனுக்கு யாது பயன் என்று வாசகர் வினவலாம். பெரும்பயன் ஒன்றுமில்லை. அறியாதிருப்பதற்கான உரிமையையும் யான் விலைகொடுத்து வாங்கிவிட்டேனா என்பதே என் ஐயம். வாங்கக்கூடிய பொருளன்று அது என்றே கருதுகின்றேன்.

மடுல்கெல்லத் தேயிலைச் சரிவிலும் இன்று உல்லாசப் பயணிகளுக்குக் கூடாரவிடுதி உண்டு. மேகம் விலகும் நக்கிள்ஸ் மலைகளை அங்கிருந்து காணலாம். பயணிகள் கொழுந்துக் கூடையுடன் நிற்போரைப் படம் பிடிப்பர். திரும்பும் வழியில், பொலன்னறுவை தாண்டியபின், அன்னையாரிடம் அவர்களைப் பற்றிக் கேட்டேன். நல்லவர்கள், கையசைப்பார்கள் என்றார். கூடையில் எத்தனை கிலோ என்று மட்டும் ஒருவரும் தம்மிடம் கேட்டதில்லை என்றார். சிறிதுநேரம் வெளியே நோக்கியிருந்துவிட்டு, "மூணு நாளும் மீன் தின்னோம். புடிச்சவன் யாருன்னு நானுந்தான் கேக்கல" என்றார்.