மொய்க்கணக்கும் மொழிபெயர்ப்பும்

"அவங்க நம்மளப் படிக்கிறதில்ல. நாம மட்டும் ஏன் அவங்கள மொழிபெயர்க்கணும்?"

பினாங்கில் இலக்கியம் பேசும் நண்பர்களிடம் மலாய் நாவல் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். வெறும் கோபம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. மலேசியாவில் தேசிய இலக்கியம் என்றால் மலாயில் எழுதப்பட்டது. தமிழிலும் சீனத்திலும் எழுதுவதற்கு 'சாஸ்த்ரா சுக்குவான்' என்று பெயர். ஏதோ ஒரு பிரிவினரின் இலக்கியம். 1981 முதல் 'சாஸ்த்ராவான் நெகாரா' விருது கொடுக்கிறார்கள். தமிழில் எழுதுபவர் அந்தப் பந்தலுக்குள்ளேயே இல்லை. ஆக, காயம் உண்மை. அந்தக் காயம், மொழிபெயர்க்காமல் இருப்பதற்கு நியாயமாகுமா?

இந்த இடத்தில் க.நா.சு.வை நினைத்துக்கொள்கிறேன். 1912-இல் பிறந்து 1988-இல் மறைந்தவர். 'பொய்த்தேவு' எழுதிய நாவலாசிரியர், கறாரான விமர்சகர், 'மயன்' என்ற பெயரில் கவிஞர். சொந்த எழுத்துக்கே ஆயுள் போதாத ஆள். ஆனாலும் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். நார்வேயின் நட் ஹாம்சன் 'நிலவளம்' ஆனார். ஸ்வீடனின் செல்மா லாகர்லெவ் 'மதகுரு' ஆனார். பேர் லாகர்குவிஸ்டின் 'பாரபாஸ்' 'அன்பு வழி' ஆனது. எல்லாம் ஆங்கிலம் வழியாக. எதிர்த்திசையிலும் போனார்: நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' அவர் கையால் ஆங்கிலத்துக்குப் போனது. சாகித்திய அகாதமி விருது 1986-இல்தான் வந்தது.

நார்வேக்காரன் பொய்த்தேவு படித்தானா என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மொழிபெயர்ப்பு மொய் இல்லை. அவன் எழுதிய தொகையை நோட்டில் பார்த்துத் திருப்பி எழுதுவதற்கு. நாவல் என்றால் பத்திரிகைத் தொடர்கதை என்றிருந்த தமிழ் வாசகனுக்கு, நாவலில் இப்படியும் செய்யலாம் என்று காட்ட நினைத்தார். அவர் உழைத்தது ஹாம்சனுக்காக இல்லை, தமிழுக்காக.

சரி, நார்வே தூரம். அங்கே காயமும் இல்லை, கணக்கும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் விஷயம் வேறுதானே? வேறுதான். ஆனால் ஒன்றை யோசிக்கணும். நாம் மொழிபெயர்க்க மறுத்தால் விருதுக் குழுவுக்கு என்ன நஷ்டம்? அவர்களுக்குத் தெரியக்கூடப் போவதில்லை. நஷ்டம் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் மலாய் தெரியாமல் இருக்கும் வாசகனுக்கு. கோபம் ஒருவர் மேல், தண்டனை இன்னொருவருக்கு.

கெடா மாநிலம் சிக்கில் பிறந்த ஷானோன் அகமது, பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1966-இல் வந்த அவருடைய 'ரஞ்சாவ் செபஞ்சாங் ஜாலான்' நாவலில் லஹுமா என்ற நெல் விவசாயி காலில் முள் தைத்துச் சாகிறான். மனைவி ஜெஹா ஏழு பெண் பிள்ளைகளோடு வயலில் நண்டுகளோடும் பறவைகளோடும் போராடி, கடைசியில் புத்தி பேதலிக்கிறாள். தஞ்சாவூர்க்காரனுக்கு இதில் அடிக்குறிப்பே வேண்டாம். கம்போடிய இயக்குநர் ரித்தி பான் இந்தக் கதையை 1994-இல் தன் நாட்டு வயல்களில் படமாக எடுத்தார். மலேசியா அவரை என்னவாக வகைப்படுத்தும் என்பது அவருக்குப் பிரச்சினையாக இல்லை. அந்தப் பசி அவருக்குத் தெரிந்த பசி.

மொழிபெயர்த்தால் அவமானத்தை மன்னித்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. 'சுக்குவான்' என்ற சொல்லோடு சண்டை போடணும், சத்தமாகவே போடணும். அது அரசோடும் அதன் நிறுவனங்களோடும் உள்ள வழக்கு. லஹுமா அந்த வழக்கில் பிரதிவாதி இல்லை.

க.நா.சு.வுக்கு நார்வேயை எட்ட இன்னொரு மொழி இடையில் தேவைப்பட்டது. ஏழு வயதிலிருந்து மலாய் படிக்கும் நமக்கு இடையில் யாருமே தேவையில்லை. இந்த வசதி கடனா என்று கேட்டால், கடன் என்றே சொல்வேன். மலாய்க்காரருக்குப் பட்ட கடன் இல்லை. நாம் எழுதும் மொழிக்குப் பட்டது.