இடம் மாறினால் ஆளும் மாறுமா?



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து அன்னதானப் பந்தியில் அமர்ந்திருந்தோம். எமது சபைக் குடும்பம் ஒன்றின் மகனைப் பற்றிப் பேச்சு வந்தது. ஊர்ப் பாடசாலையில் எப்போதும் முதலாவதாக வந்த பிள்ளை. உயர்தரப் பாடசாலைக்கு எடுபட்டபோது இதே மண்டபத்தில் எல்லோரும் வாழ்த்தினோம். பரீட்சார்த்தமான முதல் அரையாண்டைத் தாண்ட முடியாமல் அவன் திரும்பி வந்துவிட்டான். எனக்கு எதிரே இருந்த பெரியவர் ஒருவர் அப்பளத்தை நொறுக்கியபடி, "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, வேறென்ன?" என்றார். இரண்டொருவர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை. அடுத்த வரிசையில் சாம்பார் வாளியுடன் நின்றவர் அந்தப் பிள்ளையின் தகப்பன். அவர் குனிந்து, என் இலையில் ஊற்றிவிட்டு நகர்ந்தார்.

அன்றிலிருந்து அந்தப் பழமொழி என் மனதைவிட்டு அகலவில்லை. ஆலை வந்ததும் இலுப்பைப்பூவின் மதிப்பு போய்விடும் என்பது அதன் கருத்து. அதாவது சிறிய இடத்தில் ஒருவர் காட்டிய திறமை உண்மைத் திறமை அல்ல, பெரிய இடமே அவரது உண்மையைக் காட்டும். இது சரியா? இந்தக் கேள்வியை ஒரு சுவிஸ்காரரின் கதையை வைத்து யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். கோயில் இதழில் உதைபந்தாட்டமா என்று ஆசிரியர் தயங்கினார். எமது பிள்ளைகளில் பாதிப்பேர் சனிக்கிழமைகளில் மைதானத்தில் நிற்பவர்கள்தானே என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

கிறிஸ்டியன் குறோஸ் 1954இல் சூரிச்சில் பிறந்தவர். 1988இல் வில் என்ற சிறிய ஊரின் கழகத்தைப் பொறுப்பெடுத்தார். கீழ்ப் பிரிவு ஒன்றில் விளையாடிய அந்தக் கழகத்தை ஐந்து வருடங்களுக்குள் நாட்டின் இரண்டாம் நிலைப் பிரிவுவரை உயர்த்தினார். 1993இல் சூரிச்சின் கிறாஸ்ஹொப்பர்ஸ் கழகம் அவரை அழைத்தது. அங்கே 1994இல் கிண்ணம், 1995இலும் 1996இலும் சுவிஸ் சம்பியன் பட்டம். பெரிய இடத்திலிருந்து அழைப்பு வந்தது அதன் பிறகுதான். 1997 நவம்பரில் லண்டனின் ரொட்டன்ஹாம் ஹொட்ஸ்பர் கழகம் அவரைப் பயிற்றுநராக நியமித்தது.

முதல் நாள் நடந்ததை எமது வயதில் மூத்தவர்கள் சிலர் இன்றும் சிரித்துச் சொல்வார்கள். விமான நிலையத்திலிருந்து நிலக்கீழ் ரயிலில் வந்த குறோஸ், பத்திரிகையாளர் சந்திப்புக்குப் பிந்தி வந்து, அந்த ரயில் பயணச்சீட்டைக் கையில் உயர்த்திக் காட்டினார். ஆதரவாளர்கள் எப்படி மைதானத்துக்கு வருகிறார்களோ அப்படியே தானும் வர விரும்பியதாகவும், இந்தச் சீட்டுத் தன் கனவுகளுக்கான சீட்டாக அமையட்டும் என்றும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். சூரிச்சில் இது பணிவாக எடுக்கப்பட்டிருக்கும். லண்டன் பத்திரிகைகளுக்கோ அது வேடிக்கையாயிற்று. முதல் ஆட்டத்தில் எவர்ட்டனை அதன் சொந்த மைதானத்தில் 2-0 என்று வென்றார். அடுத்த வாரமே செல்சீ கழகம் ரொட்டன்ஹாமை அதன் வீட்டிலேயே 6-1 என்று தோற்கடித்தது. அதன் பின் அவர் எதைச் சொன்னாலும் அந்தப் பயணச்சீட்டையும் உச்சரிப்பையும் வைத்தே எழுதினார்கள்.

அவருடைய பயிற்சிமுறை உடல் உறுதியை அடித்தளமாகக் கொண்டது. அதை நடத்துவதற்குத் தன்னோடு வேலை செய்த பிரிட்ஸ் ஷ்மிட் என்பவரைக் கூட்டிவர விரும்பினார். பிரித்தானிய அதிகாரிகள் ஷ்மிட்டுக்கு வேலை அனுமதி கொடுக்க மறுத்துவிட்டார்கள். (சுவிஸ்காரருக்கும் பெர்மிட் மறுக்கப்பட்ட கதையை முதன்முறை கேட்டபோது எனக்குள் ஓர் அற்ப சந்தோசம் வந்ததை மறைக்க விரும்பவில்லை.) பருவத்தின் நடுவில் வந்தவர், தன் வலதுகை இல்லாமல், வேறொருவர் தெரிவுசெய்த வீரர்களோடு வேலை செய்தார். அந்தப் பருவத்தில் ரொட்டன்ஹாம் தரமிறங்காமல் தப்பி 14ஆம் இடத்தில் முடித்தது. 1998 செப்ரெம்பரில், புதிய பருவத்தின் மூன்றே ஆட்டங்களுக்குப் பிறகு, அவரை நீக்கினார்கள். அந்த மூன்றில் கடைசி ஆட்டம் அவர் வென்ற ஆட்டம். அதுவும் எவர்ட்டனுக்கு எதிராகத்தான்.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் எங்கள் பெரியவரின் பழமொழியே வென்றிருக்கும். 1999இல் பாசல் கழகம் குறோஸை அழைத்தது. 1980க்குப் பிறகு சம்பியன் பட்டத்தையே காணாத கழகம் அது. 2002இல் பட்டம் வந்தது. பின்னர் 2004, 2005, 2008 என்று மேலும் மூன்று பட்டங்கள், இடையில் நான்கு கிண்ணங்கள். 2002 நவம்பரில் சம்பியன்ஸ் லீக்கில் லிவர்பூல் பாசலுக்கு வந்தது. அரை மணித்தியாலத்துக்குள் பாசல் மூன்று கோல்கள் அடித்தது. ஆட்டம் 3-3 என்று முடிந்தாலும் வெளியேறியது லிவர்பூல்தான். நாலு வருடங்களுக்கு முன் இங்கிலாந்து திருப்பியனுப்பிய அதே மனிதர், அதே கண்டிப்பு, அதே பயிற்சிமுறை.

நான் கணக்காளன். எதைப் பார்த்தாலும் இரண்டு பக்கங்களாகப் பிரித்தெழுதும் பழக்கம் எனக்கு. கணக்கியலில் நன்மதிப்பு என்று ஒரு சொத்து உண்டு. ஒரு கடையை விலைக்கு வாங்கும்போது அதன் கட்டடத்துக்கும் சரக்குக்கும் மேலாக நாம் கொடுக்கும் தொகை அது. வாடிக்கையாளரின் பழக்கம், ஊழியரின் ஒற்றுமை, அந்தத் தெருவில் அந்தப் பெயருக்கு உள்ள மரியாதை எல்லாம் அதில் அடக்கம். அதைக் கழற்றி எடுத்து வேறு தெருவில் வைக்க முடியாது. மனிதர்களுடைய திறமையிலும் ஒரு பகுதி இப்படிப்பட்டதுதான் என்று நினைக்கிறேன். வில்லில் குறோஸ் பெற்ற வெற்றியில் அவருடைய அறிவு எவ்வளவு, அவர் சொல் கேட்டு வளர்ந்த இளம் வீரர்களின் நம்பிக்கை எவ்வளவு, அவசரப்படாத நிர்வாகம் எவ்வளவு? எல்லாம் ஒரே பெயரின் கீழ் பதியப்பட்டிருந்தன. லண்டன் கழகம் வாங்கியது அந்த மொத்தத் தொகையை. வந்து சேர்ந்ததோ ஒரு பகுதி.

பெரிய கழகத்தில் அதிகாரம் வேறு விதமாக ஓடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறிய கழகத்தில் பயிற்றுநரே பெரிய ஆள். பெரிய கழகத்திலோ வீரரின் பெயரும் சம்பளமும் பயிற்றுநருடையதைவிடப் பெரியவை. அங்கே கட்டளை போதாது, மதிப்பையும் தேட வேண்டும். அதற்கு மொழி வேண்டும். பந்து எங்கே போகவேண்டும் என்று சொல்லும் மொழியைச் சொல்லவில்லை, பகிடி விடும் மொழியைச் சொல்கிறேன். அதோடு பெரிய இடத்துக்குப் பழைய பெருமை ஒன்று இருக்கும். 1961இல் ஒரே பருவத்தில் லீக் பட்டத்தையும் கிண்ணத்தையும் வென்றது ரொட்டன்ஹாம். அதன் பிறகு வந்த ஒவ்வொருவரும் அந்த ஆண்டோடுதான் ஒப்பிடப்பட்டார்கள்.

எல்லாப் பழியையும் இடத்தின் மேல் போட்டுவிட்டு எழும்பிப் போகவும் என்னால் முடியவில்லை. குறோஸுக்குப் பின் வந்த ஜோர்ஜ் கிரஹாம், பெரும்பாலும் அதே வீரர்களோடு 1999இல் லீக் கிண்ணத்தை வென்றுவிட்டார். லீக்கில் 11ஆம் இடம்தான் என்றாலும் கிண்ணம் கிண்ணமே. ஒட்மார் ஹிட்ஸ்பெல்ட் ஆறாவ், கிறாஸ்ஹொப்பர்ஸ் போன்ற சுவிஸ் கழகங்களில் வளர்ந்து 1991இல் ஜேர்மனியின் டோர்ட்முண்ட் போனார். அங்கே 1995, 1996இல் ஜேர்மன் பட்டமும் 1997இல் சம்பியன்ஸ் லீக்கும் வென்றார். அவர் லொராக்கில் பிறந்தவர், அந்த நாட்டு மொழி அவருடைய தாய்மொழி என்று சொல்லலாம். அது உண்மை, ஆனால் முழு உண்மையல்ல. சிலர் புதிய இடத்தைப் படிக்கிறார்கள், சிலர் பழைய பாடத்தையே உரத்துச் சொல்கிறார்கள். லண்டனில் குறோஸ் கண்டிப்பைக் கொஞ்சம் பிந்திக் காட்டியிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மொழியும் அந்நியமும்தான் காரணம் என்றால் எமது நாட்டு உதாரணம் ஒன்று குறுக்கே நிற்கிறது. சந்திக ஹத்துருசிங்க 2014இல் பங்களாதேஷ் துடுப்பாட்ட அணியின் பயிற்றுநரானார். 2015 உலகக் கிண்ணத்தில் அந்த அணி காலிறுதிக்குப் போனது. 2016இல் இங்கிலாந்தையும் 2017இல் அவுஸ்திரேலியாவையும் டெஸ்ட் ஆட்டங்களில் வென்றது. பின்னர் அவர் சொந்த நாடான இலங்கைக்குப் பயிற்றுநராகத் திரும்பினார். சொந்த மொழி, தான் விளையாடிய அணி. 2019 உலகக் கிண்ணத்துக்குப் பிறகு அவரை விலக்கிவிட்டார்கள். 2023இல் மறுபடி பங்களாதேஷுக்குப் போனார், அங்கும் 2024இல் நீக்கப்பட்டார். வென்ற இடத்துக்கே திரும்பிப் போனாலும் அது பழைய இடமாக இருப்பதில்லை.

குறோஸின் பிற்காலமும் இதையே காட்டுகிறது. 2009 டிசெம்பரில் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் கழகத்தைப் பட்டியலின் அடியில் வைத்துப் பொறுப்பெடுத்து, அந்தப் பருவத்தை 6ஆம் இடத்தில் முடித்தார். ஊரெல்லாம் புகழ்ந்தது. 2010 ஒக்ரோபரில் அதே கழகம் மறுபடி அடியில் கிடந்தது, அவரை நீக்கினார்கள். ஒரே இடம், ஒரே மனிதர், பத்து மாத வித்தியாசம். இதில் அவர் எப்போது சர்க்கரை, எப்போது இலுப்பைப்பூ? கடைசியாக 2020 டிசெம்பரில், 66 வயதில், ஷால்க்க கழகத்துக்குப் போனார். அந்தப் பருவத்தில் அவர்களுக்கு அவர் நான்காவது பயிற்றுநர். முப்பது ஆட்டங்கள் வெற்றியே இல்லாமல் தவித்த கழகம் அவரிடம் ஒரு லீக் ஆட்டத்தை 4-0 என்று வென்றது. அதற்குப் பிறகு லீக்கில் வெற்றியில்லை. இரண்டு மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது ஆள் வந்தும் ஷால்க்க தரமிறங்கியது.

போகாமல் விட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வள்ளுவர் இடனறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், அது தெரிந்திருக்க வேண்டாமா என்பார்கள். தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் இடத்தை அறிவதற்கு அதற்குள் போய்ப் பார்ப்பதைவிட வேறு வழி என்ன இருக்கிறது? மேலும், ஆளை அறிந்து வேலை கொடுக்க வேண்டும் என்று அரசனுக்கும் அவர் அதிகாரம் எழுதியிருக்கிறார். அழைத்தவர்களின் பொறுப்பை யாரும் பந்தியில் பேசுவதில்லை.

இங்கே என் சொந்தக் கணக்கையும் காட்டவேண்டியிருக்கிறது. யாழ். பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்துவிட்டு 2010இல் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தேன். பாத்திரம் கழுவி, ஜேர்மன் படித்து, இங்குள்ள கணக்கியல் பரீட்சைகளை எழுதி முடித்த பின் பெரிய அலுவலகம் ஒன்றில் இடம் கிடைத்தது. தகுதிகாண் காலமான மூன்று மாதம் முடியும்போது நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். இலக்கங்களில் நான் பிழைவிடவில்லை. ஒன்பது மணிக் கோப்பி நேரத்தில் சுவிஸ் ஜேர்மனில் பேசியே பாதி வேலையை முடித்துக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் மேசையில் இருந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்கலாம். கேட்பது குறைவு என்று நினைத்தேன். அது என் பக்கத்தில் எழுதவேண்டிய பிழை. இப்போது நாலுபேர் வேலை செய்யும் சிறிய அலுவலகத்தில் இருக்கிறேன். அங்கே சிக்கலான கோப்பு என்றால் என்னிடம்தான் வரும்.

சில வருடங்களுக்கு முன் எமது சபையின் கணக்குப் பொறுப்பை நான் ஓர் இளைஞரிடம் ஒப்படைத்தேன். பேரேடு, பற்றுச்சீட்டுப் புத்தகம், பெட்டகத் திறப்பு எல்லாம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். திருவிழாக் காலத்தில் எந்த உபயகாரருக்கு இரண்டுதரம் தொலைபேசி எடுக்கவேண்டும், எவரிடம் கேட்காமல் காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் தலைக்குள் இருந்தது. அவ்வருடம் வசூல் குறைந்தபோது பொதுக்கூட்டத்தில் அவரைக் கேள்வி கேட்டார்கள். அன்றும் நான் பேசாமல் இருந்தேன். அவர் மறுவருடம் பொறுப்பை விட்டுவிட்டார், இப்போது கோயிலுக்கு வருவதும் குறைவு. அந்தப் பந்தியில் நான் வாய் திறக்காமல் இருந்தது இரண்டாம் தடவை என்பதை இதை எழுதும்போதுதான் உணர்கிறேன்.

(இக்கட்டுரையின் சுருக்கத்தை ஜேர்மன் பகுதிக்கும் தரும்படி கேட்டிருந்தார்கள். இலுப்பைப்பூவை எப்படி ஜேர்மனில் எழுதுவது என்று தெரியாமல் அந்த வரியை விட்டுவிட்டேன். பிள்ளைகளுக்கு அது தெரியாமல் போவதில் நட்டமில்லை.)

இரண்டு கிழமை கழித்து அந்தப் பிள்ளையின் தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அன்று பந்தியில் பேசியிருக்க வேண்டும் என்று சொன்னேன். "அதை விடுங்கோ அண்ணை, நான் ஒண்டும் நினைக்கேல்லை" என்றார். நினைத்திருக்கிறார் என்று குரலில் தெரிந்தது. பிறகு அவராகவே சொன்னார்: "பாடம் விளங்குதாம் அண்ணை. பிரெஞ்சு மட்டும்தான் கொஞ்சம் கஷ்டமாம். ஆனா வகுப்பிலை ஒருத்தரும் தன்னோடை கதைக்கேல்லையாம், மத்தியானச் சாப்பாட்டை ரயில் நிலையத்திலை தனிய இருந்து சாப்பிட்டவனாம். எங்களுக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை. இன்னொருக்கா முயற்சிக்கட்டோ எண்டு இப்ப கேக்கிறான். நீங்கள் படிச்சனீங்கள், என்ன சொல்லுறியள்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வருகிறேன், முதலில் அவனோடு கதைக்க விடுங்கள் என்றேன். பிரெஞ்சுப் புத்தகத்தை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.