மடியில் கிடந்த முயல்

சேந்தமங்கலத்தில், கொல்லிமலை தெரியும் திண்ணையில், நான் வளர்த்த முயலை மடியில் மல்லாக்கப் போட்டுத் தடவுவது என் மாலை வழக்கம். அது அசையாமல் கிடக்கும். அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது: மல்லாத்தப்பட்ட முயல் உறைந்துபோவது பிடிபட்ட இரையின் கடைசித் தற்காப்பு. என் பிரியம் அதற்குப் பயமாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது.

உடம்பைத் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள என் கற்பனைகள் கழன்றன. அதன் எலும்புகள் உடல் எடையில் ஏறக்குறைய 8 சதவிகிதம்தான்; பின்னங்கால்களோ வலுவானவை. பிடி சரியில்லாவிட்டால் உதைக்கிற உதையில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். பற்கள் ஆயுள் முழுக்க வளர்கின்றன. வாந்தியெடுக்க இயலாது, ஒருநாள் தின்னாமலிருந்தாலே ஆபத்து. வலியையோ வெளிக்காட்டாது. பக்கவாட்டுக் கண்களால் முதுகுப்புறமும் பார்க்கும். மூக்குக்கு நேர்முன் இருப்பது மட்டும் தெரியாது.

ஆனால் அறிவு தானாகவே கருணையாகிவிடுமா? 1944இல் அமெரிக்காவில் ஜான் டிரெய்ஸ் வகுத்த சோதனைமுறையில் ரசாயனங்களை முயலின் கண்ணில் இட்டுப் பார்த்தார்கள். அந்தக் கண்ணை அவர்கள் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். அழகுசாதனங்களுக்காக விலங்குகளைச் சோதிப்பதை இந்தியா 2014இல்தான் தடைசெய்தது. அவர்கள் அறிந்தது முயலுக்காக அல்ல. சரி, நான் நேசித்தது மட்டும் முயலுக்காகவா? என் மடிக்காக.

இப்போது தரையில் உட்காருகிறேன். மூக்குக்கு நேரே கை நீட்டுவதில்லை. சில நாள் பக்கத்தில் வருகிறது. சில நாள் வருவதில்லை.