எண்ணாமல் நேரும் கொலை: வாகனம் ஓட்டக் கற்றலும் அறமும்

கொல்ல வேண்டும் என்ற எண்ணம் சிறிதும் இல்லாத ஒருவரின் செயலால் இன்னோர் உயிர் போகுமானால், அந்தப் பழி அவரைச் சேருமா என்பது இந்தியச் சமயங்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாவாகும். துறவியின் காலடியில் நசுங்கும் எறும்பை முன்னிட்டு எழுந்த இந்த வினாவை, மோட்டார் வாகனம் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கொண்டுவந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்துகளில் இறந்தனர். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை தெரிவிக்கிறது. இவர்களைக் கொல்ல வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் நினைத்ததில்லை. அதனாலேயே, ‘அவன் விதி முடிந்தது’ என்று ஊழின்மேல் பாரத்தை இறக்கிவைப்பது எளிதாகிவிடுகிறது. அவ்வாறு இறக்கிவைப்பது அறநோக்கில் தகுமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

மனம், மொழி, மெய் ஆகிய மூன்றின் வினைகளுள் எது கொடியது என்பது பற்றிப் புத்தருக்கும் சமணத் தரப்பினருக்கும் நிகழ்ந்த வாதத்தை, மஜ்ஜிம நிகாயத்திலுள்ள உபாலி சுத்தம் விவரிக்கிறது. உடலால் செய்யும் வினையே கொடியது என்பது சமணத் தரப்பு. மனத்தின் வினையே கொடியது என்பது புத்தரின் நிலை. மேலோட்டமாகப் பார்த்தால், எண்ணமே வினை என்னும் பௌத்தக் கொள்கை விபத்துக்குக் காரணமான ஓட்டுநரை விடுவித்துவிடுவதுபோல் தோன்றும். ஆயினும் அதே பௌத்தம், விழிப்புடைமை எனப் பொருள்படும் ‘அப்பமாத’த்தை நற்பண்புகள் அனைத்துக்கும் அடிப்படையாகக் கொண்டு, தம்மபதத்தின் இரண்டாம் அதிகாரத்தையே அதற்கு ஒதுக்கியிருக்கிறது. சமணத்திலோ, உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், ‘பிரமாதம்’ எனப்படும் கவனமின்மையோடு கூடிய செயலால் உயிரைப் போக்குவதே இம்சை என்று வரையறுக்கிறது. ஆக, இவ்விரு மரபுகளும் தம்முள் எவ்வளவு மாறுபட்டாலும், எண்ணம் இல்லை என்பதனாலேயே கவனமின்மையைக் குற்றமற்றதாகக் கருதவில்லை.

கவனமின்மை எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் சமண நூல்கள் நுணுகிக் கண்டுள்ளன. மது, புலன்வேட்கை, கசாயம் எனப்படும் சினமும் செருக்கும் போன்ற மனக்கறைகள், உறக்கம், விகதை எனப்படும் வீண்பேச்சு ஆகிய ஐந்தையும் அவை பிரமாதத்தின் வகைகளாக எண்ணுகின்றன. குடித்துவிட்டு ஓட்டுவது, வேகத்தின் கிளர்ச்சிக்காகவே ஓட்டுவது, முந்திச் சென்றவர்மேல் கொண்ட கோபத்தில் துரத்துவது, விடிகாலையில் கண் செருகியபடி நெடுஞ்சாலையில் செல்வது, கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓட்டுவது என இன்றைய விபத்துக் காரணங்களை வரிசைப்படுத்துவோர்க்கு இந்தப் பழைய பட்டியல் அப்படியே பொருந்திவரும்.

நவீன மெய்யியலிலும் இதே வினா வேறொரு கோணத்தில் எழுந்தது. பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் ஆகிய இருவரும் 1976ஆம் ஆண்டில் ‘ஒழுக்கத்தில் நற்பேறு’ என்னும் சிக்கலை முன்வைத்தபோது, இருவருமே லாரி ஓட்டுநரைத்தான் எடுத்துக்காட்டாகக் கொண்டனர். ஒரே அளவு கவனமின்றி ஓட்டும் இருவருள், ஒருவர் முன்னே குழந்தை குறுக்கிடுகிறது, மற்றவர் முன்னே எவரும் வரவில்லை என்றால், முன்னவரைக் கொலைப்பழி சுமந்தவராகவும் பின்னவரை வெறும் கவனக்குறைவானவராகவும் உலகம் மதிப்பது எவ்வாறு நியாயமாகும் என்பதே அச்சிக்கல். இதற்கு ஒரு விடை குந்தகுந்தரின் பிரவசன சாரத்தில் உள்ளது. உயிர் மடிந்தாலும் மடியாவிட்டாலும் கவனமற்ற நடத்தையுடையவனுக்கு இம்சை உறுதி என்றும், முறையான கவனத்தோடு ஒழுகுபவனை, உயிர் மடிந்த அளவினாலேயே வினை பற்றாது என்றும் அந்நூல் கருதுகிறது. அவ்வாறாயின், கைப்பேசியைப் பார்த்தபடியே ஓட்டி நல்லபடியாக வீடு சேர்ந்தவர், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று அமைதி கொள்வதற்கு இடமில்லை.

இக்கவனம் எத்தகையது என்பதற்குச் சமணத் துறவியின் நடைநெறி அளவுகோல் தருகிறது. ‘ஈரியா சமிதி’ என்னும் அந்நெறி, நுகத்தடி நீளம், அதாவது ஏறத்தாழ நான்கு முழத் தொலைவு, முன்னே நிலத்தைப் பார்த்து நடக்குமாறு பணிக்கிறது. நடப்பவர்க்கு நான்கு முழம் போதும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரோ ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடந்துவிடுகிறது. ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை விநாடி ஆகுமெனக் கொண்டால், அதற்குள்ளாகவே 25 மீட்டர் போய்விடும். அதன்பின் உலர்ந்த நல்ல சாலையில் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தொலைவு நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. தம் வண்டி நிற்பதற்கு எவ்வளவு தொலைவு வேண்டும் என்பதை அறியாமல் முன்வண்டியை ஒட்டிச் செல்பவர், கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் துறவிக்கு ஒப்பாவார்.

அந்த ஒன்றரை விநாடியில் நன்மை தீமை ஆராய்ந்து முடிவெடுக்க எவராலும் இயலாது. அப்போது செயல்படுவது பழகிய பழக்கம் மட்டுமே. எனவே ஓட்டுநரின் பொறுப்பு விபத்து நேரும் கணத்தில் தொடங்குவதில்லை. எதைக் கற்றார், எப்படிப் பழகினார், எந்நிலையில் சாவியை எடுத்தார் என்னும் முந்தைய தேர்வுகளிலேயே தொடங்கிவிடுகிறது. வாகனம் ஓட்டக் கற்பதைத் தனிமனிதரின் வசதியாகவன்றி, சாலையில் எதிர்ப்படும் முன்பின் அறியாதவர்க்கு ஆற்ற வேண்டிய கடமையாகக் கருதுவதற்கு இதுவே காரணம்.

ஆயினும் எல்லாக் கற்றலும் இக்கடமையை நிறைவேற்றிவிடாது. நார்வேயில் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்கும் சாலையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சி அளிக்கப்பட்டபின், இளைஞர்களிடையே வழுக்கல் விபத்துகள் குறையாமல் கூடியதை ஆய்வு காட்டியது. பயிற்சியினால் திறனைவிடத் தன்மீதான நம்பிக்கையே மிகுந்துவிட்டது. ஃபின்லாந்து ஆய்வாளர்கள் ஓட்டுநர் கல்வியை நான்கு படிகளாக வகுத்தபோது, வண்டியைக் கையாளுதலையும் போக்குவரத்துச் சூழலை அறிதலையும் கீழ்ப்படிகளாக வைத்து, பயணத்தின் நோக்கத்தையும் ஒருவரின் வாழ்க்கை மதிப்புகளையும் மேற்படிகளாக வைத்தனர். இந்தியப் பயிற்சிப் பள்ளிகளில் கிளட்சும் கியரும் பழகி, எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழித்து, தேர்வுத் திடலில் கால் ஊன்றாமல் ‘எட்டு’ப் போட்டுக் காட்டுபவர் முதற்படியையே கடந்திருக்கிறார். தமக்கு ஏன் அவசரம், எதனால் சினம், எப்போது உறக்கம் என்று தம்மையே கேட்டுப் பார்க்க அவருக்கு எவரும் கற்பிப்பதில்லை.

இப்பொறுப்பு ஓட்டுபவரோடு முடிவதுமில்லை. சேக்கிழாரின் பெரியபுராணம் கூறும் திருவாரூர் மனுநீதிச் சோழன் வரலாற்றில், இளவரசனின் தேர்க்காலில் பசுங்கன்று எதிர்பாராமல் புகுந்து மடிகிறது. கழுவாய் செய்தால் போதும் என்ற அமைச்சர்களின் சொல்லை மன்னன் ஏற்கவில்லை. மகன் என்பதற்காக வேறு நீதி வகுக்க உடன்படவுமில்லை. மகனையும் தேர்க்காலில் இட வேண்டும் என்று அவன் விதித்த தண்டனையை இன்று எவரும் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் தன் வீட்டுப் பிள்ளையின் தேரால் நேர்ந்த இழப்புக்குத் தானே விடைசொல்ல வேண்டும் என்னும் உணர்வு இன்றும் வேண்டப்படுவதாகும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு, பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் அவருடைய பெற்றோர் அல்லது பாதுகாவலரையோ வண்டியின் உரிமையாளரையோ குற்றவாளியாகக் கருதி, மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. சுவீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்ற ‘சுழியப் பார்வை’ என்னும் கொள்கை, மனிதர் தவறுவது இயல்பு என்பதால், அத்தவறு உயிரைக் குடிக்காதபடி சாலையை அமைப்பவருக்கும் பொறுப்புண்டு என்று இதனை மேலும் விரித்தது.

ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே, மறதியும் சோர்வும் இன்றியிருத்தலைப் பொச்சாவாமை என்னும் தனி அதிகாரமாகவும் வகுத்தார் என்பது இங்குக் கருதத்தக்கது. மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது சாலையிலும் இருக்கக்கூடும். ஆனால் கற்றும் பழகியும் விழித்திருந்தும் தடுத்திருக்கக்கூடிய மரணத்துக்கு விதி என்று பெயரிடுவது, இறந்தவர்க்கும் விதிக்கும் ஒருசேர இழைக்கும் அநீதியாகும். எனவே ஓட்டுநர் உரிமம், கற்றல் முடிந்ததற்கான சான்றாகாது. பிறர் உயிரைக் காக்கும் நோன்பை ஒருவர் மேற்கொண்டதற்கான சான்றாகவே அதைக் கொள்ள வேண்டும். அந்நோன்பு ஒவ்வொரு பயணத்திலும் புதிதாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டியது என்பதைக் கற்பிக்கும்போதுதான் ஓட்டுநர் கல்வி முழுமை பெறும்.